‘கைஸ்’ என்றால் யார்?

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. மார்கழியில் ஒரு நாள் வாசலில் தான் போட்ட கோலத்தைக் காட்டிக் கைபேசியில் ஒரு காணொளி எடுத்தாள். எத்தனை புள்ளி வைக்க வேண்டும், நெளியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், காவியை எங்கே இழுத்தால் எடுப்பாக இருக்கும் என்று எல்லாவற்றையும் நல்ல தமிழில் சொன்னாள். ஆனால் தொடங்கியது மட்டும் ‘ஹாய் கைஸ்’ என்று. பக்கத்தில் நின்றிருந்த என் அம்மா, “கைஸ் என்றால் யார்?” என்று கேட்டார். “எல்லாரும்தான் பாட்டி” என்று சொல்லிவிட்டு அவள் கோலத்துக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லாரும் என்றுதான் பொருள். ஆனால் அது ‘எல்லாரும்’ ஆவதற்கு நானூறு ஆண்டுகள் பிடித்தன. தொடக்கத்தில் அது ஒரே ஒருவரைத்தான் குறித்தது. 1605ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி நள்ளிரவில், லண்டனில் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த நிலவறையில், 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலாக நின்ற ஒரு மனிதர். அவருடைய பெயர் கை ஃபாக்ஸ். ஆங்கிலேயர் பல தலைமுறைகளாக வெறுத்து, ஊர் ஊராக எரித்த பெயர் அது. அந்தப் பெயரைத்தான் எங்கள் வீட்டுச் சிறுமி கோலத்துக்கு முன்னால் நின்று அன்போடு சொன்னாள்.

தமிழில் எழுதும்போது இந்தச் சொல் நம் உடம்பில் இருக்கும் கையைப் போலவே தோன்றும் என்பதால், ஆங்கிலச் சொல்லுக்கு மேற்கோள் குறி போட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்திலேயே இதே எழுத்தும் ஒலிப்பும் கொண்ட இன்னொரு சொல்லும் இருக்கிறது. கூடாரத்தையோ கம்பத்தையோ சாயாமல் இழுத்துக் கட்டும் கயிறு அது. நம் ஊர் மின்கம்பங்களில் ஸ்டே கம்பி என்கிறோமே, அந்த வேலையைச் செய்வது. அதற்கும் இந்த மனிதருக்கும் உறவில்லை. நம் கதைக்குரிய ‘கை’ பழைய பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்துக்கு வந்த ஆண் பெயர். இத்தாலியில் அதே பெயர் குவீடோ என்றும் ஸ்பெயினில் கீடோ என்றும் ஒலிக்கும்.

கை ஃபாக்ஸ் 1570இல் யார்க் நகரில் பிறந்தவர். வளர்ந்த பிறகு கத்தோலிக்கராக மாறி, ஸ்பெயின் படையில் சேர்ந்து நெதர்லாந்துப் பகுதிகளில் போரிட்டவர். வெடிமருந்தைக் கையாளும் பழக்கம் அங்கேதான் வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் அரசின் திருச்சபைக்கு வழிபடப் போகாவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். பாதிரியாரை வீட்டில் ஒளித்து வைத்தால் உயிருக்கே ஆபத்து. முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியதும் நிலைமை மாறும் என்று நம்பியிருந்தவர்கள் ஏமாந்தார்கள். அப்படி ஏமாந்து கொதித்தவர்களில் ஒருவர் ராபர்ட் கேட்ஸ்பி. மன்னர் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க வரும் நாளில் கட்டடத்தோடு எல்லாரையும் தகர்த்துவிடுவது என்பது அவர் போட்ட திட்டம். சதியில் சேர்ந்தவர்கள் மொத்தம் 13 பேர். தலைவர் கேட்ஸ்பிதான், ஃபாக்ஸ் திரிக்குத் தீ வைக்க வேண்டியவர், அவ்வளவுதான். ஆனால் பிடிபடும்போது வெடிமருந்தின் பக்கத்தில் நின்றவர் அவர் என்பதால், பழியும் பெயரும் அவர் தலையில் விழுந்தன.

அக்டோபர் 26ஆம் தேதி மாண்ட்ஈகிள் பிரபுவுக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வந்தது. நாடாளுமன்றத்துக்கு வராமல் இருப்பது நல்லது என்று எச்சரித்தது. அதன் பின்னாலேயே தேடுதல் தொடங்கியது. பிடிபட்டவர் தன் பெயர் ஜான் ஜான்சன் என்றார். நவம்பர் 6ஆம் தேதி மன்னர் ஜேம்ஸ், முதலில் மென்மையான சித்திரவதைகளைச் செய்யுங்கள், பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தார். உண்மைப் பெயர் வெளிவந்தது. சித்திரவதைக்குப் பிறகு ஃபாக்ஸ் வாக்குமூலத்தில் இட்ட கையெழுத்து இன்றும் லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ‘கீடோ’ என்ற முதற்பெயர் மட்டும் மங்கலாக, கோணலாக, எழுதுகோலைப் பிடிக்க முடியாத விரல்களால் கீறப்பட்டிருக்கும். சில நாள் கழித்துப் போட்ட கையெழுத்து தெளிவாக இருக்கிறது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் ‘மென்மையான’ என்ற சொல்லை எளிதில் மறக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கானோரைக் கொல்லத் துணிந்தவர் அவர், அதில் எனக்கு மயக்கமில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு ‘அவன்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘அவர்’ என்றே எழுதுகிறேன். இந்த அவன், அவர் தயக்கத்துக்கும் நம் கதையில் ஓர் இடம் உண்டு. பிறகு வருகிறேன்.

1606ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. அதே மாதத்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் தேதி, மன்னர் உயிர் தப்பியதற்காக ஆலயங்களில் நன்றி வழிபாடு நடத்த வேண்டும். 1859 வரை, இரண்டரை நூற்றாண்டுகள் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. வழிபாடு பகலில், இரவில் சொக்கப்பனை போலப் பெரும் தீ. தீ இருந்தால் அதில் போட ஒரு பொம்மையும் வேண்டுமே. முதல் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்பாலும் எரிந்தது போப்பாண்டவரின் உருவம். பிறகு மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு ஃபாக்ஸ் வந்தார்.

தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைக்க நான் தடுமாற வேண்டியதில்லை. ‘கொடும்பாவி’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. மழை பொய்த்த ஊர்களில், ஊரின் பாவத்தையெல்லாம் ஏற்றிய ஒரு வைக்கோல் உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்துப் போய், ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவார்கள். மாபாவி என்று பொருள்படும் அந்தச் சொல் பிறகு எந்த உருவ பொம்மைக்கும் பெயராகிவிட்டது. இன்று நாளிதழில் ‘அமைச்சரின் கொடும்பாவியை எரித்தனர்’ என்று படிக்கும்போது யாரும் மழையை நினைப்பதில்லை. இங்கிலாந்தில் இதுவே மறுபக்கமாக நடந்தது. இங்கே ‘பாவி’ என்ற பொதுச்சொல் பொம்மையின் பெயராயிற்று. அங்கே ஒரு தனி மனிதரின் பெயர் பொம்மையின் பெயராயிற்று.

அந்தப் பொம்மையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்லின் அடுத்த பொருள் அதன் உடம்பிலிருந்தே வருகிறது. அப்பாவின் கிழிந்த கால்சட்டை ஒன்று. அதன் கால்களைக் கயிற்றால் கட்டி, உள்ளே வைக்கோலையும் பழைய காகிதத்தையும் திணிப்பார்கள். மேலே பொருந்தாத ஒரு சட்டை. தலைக்கு ஒரு சாக்குப் பை, அதில் கரியால் வரைந்த மீசை அல்லது ஒரு முகமூடி. அதற்கும் மேல் யாரோ தூக்கி எறிந்த தொப்பி. இதைத் தள்ளுவண்டியிலோ குழந்தை வண்டியிலோ உட்காரவைத்துக்கொண்டு சிறுவர்கள் தெருமுனையில் நின்று, போகிற வருகிறவர்களிடம் “‘கை’க்கு ஒரு பென்னி” என்று கேட்பார்கள். சேர்ந்த காசுக்குப் பட்டாசு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் இது பிரிட்டிஷ் தெருக்களில் சாதாரணக் காட்சி. போகிக்குக் கொளுத்தப் பழைய பொருட்களைத் தேடி வீடு வீடாக ஓடிய சிறுவர்களுக்கு அந்த உற்சாகம் நன்றாகவே புரியும்.

இப்போது அந்தச் சிறுவர்களின் பேச்சைக் கவனியுங்கள். ‘நம்முடைய கை’, ‘அடுத்த தெருக்காரர்களின் கை’, ‘போன வருடத்துக் கை’. வரலாற்றில் ஒருவராக இருந்தவர் தெருவுக்கு ஒருவர் ஆகிவிட்டார். சிறப்புப் பெயர் பொதுப்பெயர் ஆவது இப்படித்தான்: யாரும் திட்டமிடுவதில்லை, பன்மை தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பொம்மை என்ற பொருளில் இந்தச் சொல் 1806இல் பதிவாகியிருக்கிறது. அந்தப் பொம்மையில் எரிந்ததும் ஃபாக்ஸ் மட்டுமல்ல. 1850இல் போப்பாண்டவர் இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர் அமைப்பை மீண்டும் நிறுவியபோது அந்த ஆண்டு நவம்பர் தீயில் போப்பும் அந்த அமைப்புக்குத் தலைமையேற்ற கார்டினல் வைஸ்மனும் எரிந்தார்கள். சசெக்ஸ் மாவட்டத்து லூயிஸ் நகரில் இன்றுவரை நவம்பர் 5ஆம் தேதி ஊரே திரண்டு தீப்பந்தம் ஏந்துகிறது. அந்தந்த ஆண்டில் மக்களின் கோபத்துக்கு ஆளான அரசியல்வாதிகளின் பேருருவங்கள் வெடித்துச் சிதறுகின்றன.

பொம்மை அலங்கோலமாக இருந்ததால், அலங்கோலமாக உடுத்துகிற மனிதருக்கும் அதே பெயரை வைத்தார்கள். 1836வாக்கில் பிரிட்டனில் ஒருவரைப் பார்த்து ‘என்ன ஒரு கை’ என்றால், வைக்கோல் பொம்மை போல வந்து நிற்கிறாயே என்று பொருள். பெண்களையும் அப்படிக் கேலி செய்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சேராத தொப்பி வைத்த பெண்மணியும் ‘கை’தான். அதே நூற்றாண்டில் அது வினைச்சொல்லாகவும் ஆயிற்று. ஒருவரைக் கேலி செய்வதும் நையாண்டி செய்வதும் அவரைக் ‘கை’ செய்வது.

ஒருவர் பெயர் வசையாக மாறுவது எந்த மொழியிலும் நடப்பதுதான். நமக்கு எட்டப்பன் இருக்கிறார். எட்டயபுரம் அரசர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம் அது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கதையோடு சேர்ந்து, காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளில் உறைந்துவிட்டது. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கறை கழுவப்படவில்லை. மேடையில் ‘எட்டப்பர்கள்’ என்று ஒருவர் முழங்கினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. நார்வேயில் நாஜிகளோடு கைகோத்த விட்குன் குவிஸ்லிங்கின் பெயர் ஐரோப்பா முழுவதும் துரோகிக்குப் பெயராயிற்று, இன்றும் அப்படியே இருக்கிறது. 1880இல் அயர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த, நிலக்கிழார் ஒருவரின் ஏஜென்டான சார்லஸ் பாய்காட்டின் பெயர், ஒதுக்கிவைப்பதற்கே பெயராகி, நம் ஊர்ச் செய்திகளிலும் வலம்வருகிறது. இவற்றுக்கெல்லாம் பொருள் மாறவில்லை. ‘கை’க்கு மட்டும் எப்படிக் கறை போயிற்று?

கடல் தாண்டியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நவம்பர் 5ஆம் தேதி கொண்டாடப்பட்டது, ஆனால் அங்கே அதன் பெயர் போப் நாள். பாஸ்டன் நகரில் வடக்குத் தெருக்காரர்கள் ஒரு வண்டியில் போப்பின் உருவத்தையும் தெற்குத் தெருக்காரர்கள் இன்னொரு வண்டியில் அதே போப்பையும் இழுத்து வந்து, நடுவில் மோதிக்கொள்வார்கள், மண்டை உடையும். 1775இல் விடுதலைப் போர் தொடங்கியிருந்தது. கனடாவின் கத்தோலிக்கர்களைத் தம் பக்கம் இழுக்க வேண்டிய நேரத்தில் போப்பை எரிப்பதா என்று சினந்து, படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அந்த நவம்பர் 5ஆம் தேதியே, இது நகைப்புக்குரிய சிறுபிள்ளைத்தனம் என்று படைக்கு உத்தரவு போட்டார். புதிய நாட்டில் அந்தக் கொண்டாட்டம் தேய்ந்து மறைந்தது. அதனால் பிரிட்டனிலிருந்து பொம்மை என்ற பொருளோடு சொல் வந்து சேர்ந்தபோது, கேட்டவர்களின் கண்ணெதிரே பொம்மை இல்லை, தீ இல்லை, சதியின் நினைவும் இல்லை. ஓர் ஆளைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லும் சொல் என்ற அளவில்தான் அது காதில் விழுந்தது. சில பத்தாண்டுகளில் இளக்காரமும் உதிர்ந்துவிட்டது. 1847வாக்கில் அமெரிக்காவில் ‘கை’ என்றால் ஓர் ஆள், ஒருத்தன், அவ்வளவுதான். எட்டப்பன் என்ற சொல் கடல் தாண்டி, கட்டபொம்மனைக் கேள்விப்படாத மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தால் அதற்கும் இப்படி ஒரு மறுபிறப்பு கிடைத்திருக்கலாம்.

அமெரிக்காவில் அது தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டது. முன்னால் ஓர் அடைமொழியைப் போட்டால் போதும், ஒரு புதிய மனித வகை தயார். ‘வைஸ் கை’ என்றால் நம் அதிகப்பிரசங்கி. ‘ஃபால் கை’ என்றால் பலிகடா. ‘டஃப் கை’ என்றால் முரடன். ‘பேட் கை’ கெட்டவன், ‘குட் கை’ நல்லவன். இந்தத் தமிழ்ச் சொற்களைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் ‘கை’ செய்கிற வேலையைத் தமிழில் கடைசியில் வரும் ‘அன்’ செய்துவிடுகிறது. முரடு என்பதோடு அன் சேர்ந்தால் முரடன். நல்ல என்பது நல்லவன். ஆங்கிலத்தில் அப்படி ஒட்டுவதற்கு வளமான ஆண்பால் விகுதி கிடையாது. அந்தக் காலியிடத்தில் வந்து அமர்ந்த சொல் என்பதால்தான் ‘கை’ இவ்வளவு வேகமாகப் பரவியது என்பது என் எண்ணம்.

ஆனால் ‘கைஸ்’ என்ற பன்மையின் கதை இதைவிட ஆழமானது. அதற்கு இன்னொரு காலியிடம் காத்திருந்தது.

பழைய ஆங்கிலத்தில் நம் ‘நீ’ போல ‘தௌ’ என்று ஒருமைச் சொல் இருந்தது. ‘யூ’ என்பது பலரை நோக்கிச் சொல்வது. பிறகு பெரியவர் ஒருவரையும் மரியாதைக்காகப் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு ‘தௌ’ சொன்னால் ஒன்று நெருக்கம், இல்லையென்றால் அவமரியாதை. ‘கூட்டத்தில் அதிகாரியை ஒருமையில் பேசினார்’ என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன அல்லவா, அதே நிலைதான். 1603இல் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பாம்பு என்று ஏசி, ‘துரோகியே, உன்னை நான் தௌ என்றே சொல்வேன்’ என்று மன்றத்தில் கத்தினார். ‘நீ’ என்பதையே வினைச்சொல்லாக்கி வீசிய வசை அது. இதே கோக்தான் இரண்டு ஆண்டு கழித்து, 1606 ஜனவரியில், கை ஃபாக்ஸின் வழக்கையும் நடத்தியவர். ஒருமையை அடிக்கும் கோலாகப் பயன்படுத்திய அந்த மனிதர் எதிர்க்கூண்டில் நிறுத்தியவருடைய பெயர்தான், பல நூற்றாண்டு கழித்து, அந்த ஒருமை விட்டுச் சென்ற ஓட்டையை அடைக்கப்போகிறது. மொழி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சந்திப்புகளில் இது ஒன்று.

‘தௌ’ இப்படி அடியாக மாறிய பிறகு யார்தான் அதைத் துணிந்து சொல்வார்கள்? எல்லாருக்கும் ‘யூ’ என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு என்றாயிற்று. கடவுளின் முன் அனைவரும் சமம் என்று நம்பிய குவேக்கர்கள் மட்டும் பதினேழாம் நூற்றாண்டில் பிரபுவையும் நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்து அடி வாங்கினார்கள். யார்க்ஷயர் போன்ற வட்டாரங்களின் பேச்சில் அது நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பொது ஆங்கிலத்திலிருந்து அது போய்விட்டது. மரியாதை பன்மையைத் தின்றுவிட்டது. எதிரே இருப்பவர் ஒருவரா, பத்துப் பேரா என்பதை ‘யூ’ சொல்லாது.

இதே விபத்து தமிழிலும் நடந்தது என்பதைப் பள்ளியில் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழந்தமிழில் ஒருவர் என்றால் நீ, பலர் என்றால் நீயிர், நீர். ‘நீர்’ மெல்ல மரியாதை ஒருமையாக மாறியது. ‘நீர் எங்கே போகிறீர்’ என்று ஒருவரைத்தான் கேட்பார்கள். பன்மைக்கு வேறு சொல் தேவைப்பட்டது. பன்மை வடிவத்தின் மீதே இன்னொரு பன்மை விகுதி ‘கள்’ ஏறி ‘நீங்கள்’ வந்தது. அதுவும் நிற்கவில்லை, மரியாதை அதையும் ஒருவருக்காக எடுத்துக்கொண்டது. ‘அவர்’ பலரைக் குறித்தது. ஒருவரின் மரியாதைச் சொல்லானதும் ‘அவர்கள்’ வந்தது. இன்று ‘தலைவர் அவர்கள்’ என்று அதுவும் ஒருவருக்கே போய்விட்டது. ஆகவே உண்மையாகவே பலரிடம் பேசுகிறோம் என்று உறுதிப்படுத்த ‘நீங்கள் எல்லாரும்’ என்கிறோம்.

அமெரிக்கத் தென்மாநிலத்தார் செய்ததும் அச்சு அசலாக அதுவே: ‘யூ ஆல்’ என்பதைச் சுருக்கி ‘யால்’ என்றார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘யூ’வோடு நேராகப் பன்மை விகுதியை ஒட்டி ‘யூஸ்’ என்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் அது குடிபோயிற்று. பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர்கள் ‘யின்ஸ்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ‘யூ லாட்’. இவை எல்லாவற்றையும் பின்தள்ளி இருபதாம் நூற்றாண்டில் முன்னேறியது ‘யூ கைஸ்’. யாலுக்குத் தெற்கத்திய வாடை உண்டு. யூஸ் சொன்னால் படிக்காதவர் என்று முத்திரை குத்துவார்கள். ‘யூ கைஸ்’ எந்த ஊரையும் எந்த வகுப்பையும் காட்டிக்கொடுப்பதில்லை. இப்போது அது இரண்டு சொல் என்ற நிலையையும் கடந்துவிட்டது. ‘உங்களுடைய’ என்பதற்கு ‘யுவர் கைஸஸ்’ என்று இரண்டு பக்கமும் உருபு போட்டுப் பேசுகிற அமெரிக்கர்கள் உண்டு. இலக்கண ஆசிரியர்களுக்கு அது பிடிக்காது. ஆனால் அது வழக்கமான பெயர்ச்சொல்லாக இல்லாமல் முன்னிலைப் பன்மைச் சொல்லாக ஆகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. அண்மையில் ஓர் அமெரிக்க மருத்துவப் பணியாளரின் நேர்காணலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் இந்தச் சொல் மூன்று முறை வந்தது. விபத்தில் சிக்கியவரைத் தூக்கிவந்த ஓர் ஓட்டுநரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஒரு கை’; அதற்கு ‘ஒருவர்’ என்று போட்டேன், அது ஆண் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அடுத்து, பணிமுறை முடிந்து வெளியே போன குழுவைக் காட்டி ‘அந்தக் கைஸ்’. அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் தன்னோடு வேலை செய்யும் செவிலியர்களைப் பார்த்து ‘நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை, கைஸ்’ என்கிறார். அவர்கள் அனைவரும் பெண்கள். ஒரே சொல், ஒருமையில் கட்டாயம் ஆண், சுட்டும் பன்மையில் பெரும்பாலும் ஆண், நேரே அழைக்கும் பன்மையில் யாரும்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது பழகிய ஏற்பாடு. ஒருவன் என்றால் ஆண்பால், ஒருத்தி என்றால் பெண்பால், பலர் என்றால் பலர்பால்; பன்மையில் ஆண், பெண் பிரிவினை கிடையாது. ‘வந்தார்கள்’ என்றால் அதில் எத்தனை பெண், எத்தனை ஆண் என்று வினை சொல்லாது. ஆங்கிலத்தில் ‘கைஸ்’ தானாகவே ஒரு பலர்பால் சொல்லாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் தமிழ் ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நம் ‘அவர்’ ‘அவன்’ என்ற சொல்லிலிருந்து பிறக்கவில்லை. அவன், அவள், அவர் மூன்றும் ஒரே வேரின் சமமான கிளைகள். ‘கைஸ்’ அப்படியல்ல, அதன் ஒருமை இன்றும் ஆண்தான். அமெரிக்கப் பெண்கள் பலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: பெண்கள் நிறைந்த அறையைப் பார்த்துக் ‘கைஸ்’ என்று அழைக்கலாம் என்றால், ஆண்கள் நிறைந்த அறையைப் பார்த்துக் ‘கேர்ள்ஸ்’ என்று அழைத்துப் பாருங்கள், சிரிப்பார்களா, கோபிப்பார்களா? ஆண் பெயர் எல்லாருக்கும் பொருந்தும், பெண் பெயர் பெண்ணுக்கு மட்டும்தான் என்ற பழைய கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. பழக்கத்தில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது என்று மறுப்பவர்களிலும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரு தரப்புமே தங்கள் காதில் விழுவதைத்தான் சொல்கிறார்கள். என் சாய்வைக் கேட்டால், அழைக்கப்படுபவர் நெருடுகிறது என்று சொன்னால் அழைப்பவர் வேறு சொல்லைத் தேட வேண்டும். அது பெரிய சுமை அல்ல. ஆங்கிலத்தில் ‘ஃபோக்ஸ்’ இருக்கிறது, ‘எவ்ரிஒன்’ இருக்கிறது. தமிழில் காணொளி தொடங்குபவர்களுக்கு ‘மக்களே’ என்ற அழகான சொல் இருக்கிறது, பலர் அதைச் சொல்லவும் செய்கிறார்கள். நெல்லைப் பக்கம் ‘பிள்ளைகளா’ என்று அழைத்தால் பையனும் பெண்ணும் சேர்ந்தே திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரிட்டனுக்கு இந்தச் சொல் ‘ஆள்’ என்ற பொருளோடு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது. அங்கே அதுவரை ‘சாப்’, ‘ப்ளோக்’ என்று சொல்லிவந்தவர்கள் இப்போது ‘கைஸ்’ என்கிறார்கள். தீயில் எரியும் பொம்மையும் அவர்களுக்கு இன்னும் ‘கை’தான், இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஃபாக்ஸ் பிடிபட்டபோது கையில் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் இரும்பு லாந்தர் ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்தொடர்த் தொடக்க விழாவுக்கு முன்பும் அரச மெய்க்காவலர்கள் விளக்கேந்தி நிலவறைகளைச் சடங்காகத் தேடுகிறார்கள். ஒரு சித்திரக்கதையின் வழியே பிறந்த அவருடைய முகமூடி, 2011 வாக்கில் உலகெங்கும் போராட்டக்காரர்களின் முகமாக ஆயிற்று. யார்க் நகரில் அவர் படித்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி மட்டும் நவம்பர் 5ஆம் தேதி அவருடைய உருவத்தை எரிப்பதில்லை. பழைய மாணவரை எப்படி எரிப்பது என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கதையைச் சுருக்கி அக்கா மகளிடம் சொன்னேன். வெடிமருந்து வரும் இடத்தில் கண்களை விரித்தாள்; கையெழுத்து வரும் இடத்தில் பேசாமல் இருந்தாள். பிறகு காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள், தொடக்கத்தை மாற்றவில்லை. அதைப் பார்த்தவர்கள் ஏழு பேர்: அவள் அம்மா, இரண்டு அத்தைகள், மூன்று பெரியம்மாக்கள், என் அம்மா. மாலையில் என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியை முகத்துக்கு அருகே பிடித்து அதை இயக்கினார். ‘ஹாய் கைஸ்’ என்று குரல் வந்ததும் திரையைப் பார்த்து, “சொல்லம்மா” என்றார்.